ஆள் கிட்ட வந்தால் அசையும் காந்தக் கலைப்பொருளை வீட்டிலேயே செய்ய முடியுமா?

செய்யலாம். நான் ஒன்று செய்து வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். இரண்டரை அடி நீள மரச்சட்டத்தில் ஒன்பது காந்தங்கள் வரிசையாகத் தொங்கும். யாராவது ஒரு மீட்டர் தூரத்துக்குள் வந்து நின்றால் ஒன்று ஆடத் தொடங்கும், அப்புறம் பக்கத்தில் இருப்பவையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தொங்கும் காந்தத்தைக் கீழிருந்து தள்ள ஒரு மின்காந்தம் வேண்டும். மின்காந்தம் என்றாலே போல்ட்டில் கம்பி சுற்றுவதுதான் என்று பள்ளிக்கூடத்தில் பதிந்துபோனது, அதையே செய்தேன். கரண்ட் கொடுப்பதற்கு முன்பே தொங்கிய நியோடிமியம் காந்தம் (சின்னதானாலும் பலமான வகை) போல்ட் தலையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் என்ன செய்யும், அது இரும்பு! ஆகவே நடுவில் எதுவும் இல்லாத வெற்றுக் காயில்தான் (கம்பிச் சுருள்) வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையில் 32 கேஜ் எனாமல் கம்பி வாங்கி, இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் 600 சுற்று சுற்றினேன். சுமார் 14 ஓம் வந்தது, 12 வோல்ட்டில் 0.85 ஆம்பியர் போல இழுக்கும். இதை ஆர்டுயினோவின் (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) காலில் நேராக மாட்டக்கூடாது, நடுவில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் போடுங்கள் (கடையில் 'லாஜிக் லெவல்' என்று கேட்டு வாங்குங்கள், மற்றவை 5 வோல்ட்டில் முழுசாகத் திறக்காது). காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடை (ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் பாகம்) தலைகீழாகப் போட மறக்காதீர்கள். நான் மறந்து இரண்டு மாஸ்ஃபெட்டைக் கொன்றேன்.

ஊஞ்சலில் குழந்தையை ஆட்டும்போது பலமாகத் தள்ளுவதில்லை, திரும்பிப் போகும் நேரம் பார்த்து லேசாகத் தொடுவோம் இல்லையா, இங்கேயும் அதேதான். 25 சென்டிமீட்டர் நூலில் தொங்கினால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு வினாடி ஆகும், அதாவது அரை வினாடிக்கு ஒருமுறை காந்தம் காயிலைக் கடக்கும். கடப்பதைப் பார்க்கக் காயிலின் நடுவில் ஏ3144 ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணரும் சின்னப் பாகம்) வைத்தேன். அது காந்தத்தின் ஒரு முனையை மட்டும்தான் மதிக்கும், மறுமுனையைக் காட்டினால் பேசாமல் இருக்கும், செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்னொரு தொல்லை, காயிலுக்குக் கரண்ட் போனால் அதன் காந்தப்புலத்தையும் சென்சார் பார்த்துவிட்டு காந்தம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அதனால் காந்தம் விலகியதும் 40 மில்லிசெகண்ட் மட்டும் தள்ளிவிட்டு, அடுத்த 300 மில்லிசெகண்ட் சென்சார் என்ன சொன்னாலும் கண்டுகொள்ளாதே என்று புரோகிராமில் எழுதிவிட்டேன்.

ஒற்றை நூலில் கட்டினால் வட்டமடிக்கும். ஊஞ்சல் மாதிரி இரண்டு தூண்டில் நரம்பில் வி வடிவத்தில் கட்டினால் முன்னும் பின்னும் மட்டும் ஆடும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் தற்செயலாகக் கிடைத்தது. 10 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள காந்தங்களை, எல்லாவற்றுக்கும் ஒரே முனை கீழே பார்க்கும்படி, 6 சென்டிமீட்டர் இடைவெளியில் தொங்கவிட்டேன். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒன்று முன்னே அடுத்தது பின்னே என்று வளைந்து நெளிந்து நின்றன, எத்தனை தடவை நேராக்கினாலும் அதே கதை. 8 சென்டிமீட்டர் ஆக்கியதும் நேராக நின்றன, ஆனாலும் ஒன்று ஆடினால் பக்கத்தில் இருப்பதற்கும் அது தெரிந்தது. ஒன்பதுக்கும் காயில் போட நினைத்திருந்தவன் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். மற்ற ஆறுக்கும் ஒயரும் இல்லை, புரோகிராமும் இல்லை, காந்தங்களே பார்த்துக்கொள்கின்றன. ஒரு 12 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் போதுமானதாக இருக்கிறது. கிரேக்கச் சிற்பி டாக்கிஸ் 1960களில், மின்காந்தத்தால் ஓர் ஊசியை ஆடவைத்து அது கம்பியில் மோதி ஒலி எழுப்பும்படி செய்திருக்கிறார், அதில் புரோகிராமே கிடையாது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும்.

ஆள் வருவதைப் பார்க்க அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் அளப்பது) வைத்தேன். தொளதொளவென்ற பருத்தித் துணி ஒலியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது, அதனால் பாட்டி புடவையில் வந்து நின்றால் எண்கள் தாறுமாறாக வந்தன. ஐந்து முறை அளந்து, சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டதும் சரியானது.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் காந்தங்களை எபாக்ஸி பசையால் ஒட்டி, கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் தள்ளியே நிற்கட்டும்.