மூணாவது தபா

கேள்வி: புத்தரின் உரைகளைத் தமிழில் தொகுத்த புத்தகம் ஒன்று வாங்கினேன். 'எல்லாம் எரிகிறது' என்ற உரையில் கண்ணுக்குச் சொன்னதையே காதுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் வார்த்தை மாறாமல் சொல்கிறார். சலிப்புத் தட்டி மூடி வைத்துவிட்டேன். பௌத்தத்துக்குச் சுருக்கமாக ஒரே வேதநூல் கிடையாதா?
- கல்லூரி மாணவி, வியாசர்பாடி

பதில்: மூடியதைத் திரும்ப எடும்மா. இந்தத் தடவை வாய்விட்டுப் படி.

புத்தர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் மறைந்த பிறகு ராஜகிருகத்தில் பிக்குகள் கூடினார்கள். துறவிகளுக்கான விதிகளை உபாலியும் உரைகளை ஆனந்தருமாக அவருடைய சீடர்கள் இருவர் ஒப்பித்தார்கள் என்பது மரபு. உரைகள் 'ஏவம் மே சுதம்', அதாவது 'இப்படி நான் கேட்டேன்' என்று தொடங்குவது அதனால்தான். அப்புறம் சில நூற்றாண்டுகள் எல்லாம் வாய்வழியாகவே வந்தன. கி.மு. முதல் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் இலங்கையை வாட்டியபோது, மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகளோடு இதுவும் போய்விடுமே என்று பயந்து ஓலையில் எழுதினார்கள்.

எங்கள் ஆயாவுக்கு எழுத்து தெரியாது. புளியந்தோப்பு வீட்டில் விளக்கேற்றியதும் என்னைப் பாயில் உட்காரவைத்து 'புத்தம் சரணம் கச்சாமி' சொல்லவைப்பார். புத்தம், தம்மம், சங்கம் முடிந்ததும் 'துதியம்பி' என்று இரண்டாவது முறை, 'ததியம்பி' என்று மூன்றாவது முறை. கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணிக்கொண்டே வருவார். மூன்று விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் ஒன்பது. பசியில் நான் ஆறாவது கணுவிலேயே எழப் பார்த்தால் சட்டையைப் பிடித்து இழுப்பார். "மூணாவது தபாதான்டா நாக்கு படியும்!"

உங்கள் பக்கத்தில் சாவு வீட்டு கானா கேட்டிருப்பாய். பாடுகிறவர் முதல் அடிக்குத் திரும்பத் திரும்ப வருவார். இரண்டு தடவை போனதும் தெருவே அதைப் பிடித்துக்கொள்ளும். அதை அச்சில் படித்தால் உனக்கு அதுவும் சலிக்கும்.

நீ படித்த உரை கயைக்குப் பக்கத்திலுள்ள கயாசீசக் குன்றில் ஆயிரம் பிக்குகளுக்குச் சொன்னது. அதற்கு முன்பு அவர்கள் தீ வளர்த்து வழிபட்ட சடாமுடித் துறவிகள். அவர்களிடம் போய், கண் எரிகிறது, ஆசைத்தீயால், வெறுப்புத்தீயால், மயக்கத்தீயால் எரிகிறது என்கிறார். கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு, மனம் என்று ஆறு தடவை. ஐந்து வரைக்கும் வேறு யாருக்கோ சொல்வதுபோல இருக்கும். ஆறாவதாக மனம் வரும்போது எனக்கு இன்றைக்கும் குரல் இறங்கிவிடுகிறது. சுருக்கிவிட்டால் அது வராதும்மா. சில பதிப்புகளில் திரும்ப வரும் இடங்களைப் புள்ளி வைத்து விட்டிருப்பார்கள். விட்டதை நீயே நிரப்பிச் சொல்.

ஒரே நூல் என்று கிடையாது. பாலி மொழி மரபில் இருப்பது திரிபிடகம், மூன்று கூடை: துறவிகளுக்கான விதிகள் வினயம், புத்தரின் உரைகள் சுத்தம், தத்துவ ஆராய்ச்சி அபிதம்மம். அபிதம்மத்துக்கு இப்போது போகவேண்டாம். சின்னதாக வேண்டுமென்றால் சுத்த பிடகத்திலுள்ள தம்மபதத்தை எடு, 423 பாட்டு. ஐந்தாவது பாட்டை முதலில் சொல்லிப் பார். பகையால் பகை ஒருநாளும் தணியாது, பகையின்மையால்தான் தணியும் என்பது அதன் கருத்து.

கேள்வி: பௌத்த நூல்களை ஓதுவதற்குப் பாலி படித்தே ஆகவேண்டுமா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம் ஐயா. நம் மணிமேகலை இருக்கிறதே. எதிலிருந்து எது வந்து கடைசியில் துன்பமாகிறது என்று புத்தர் காட்டிய பன்னிரண்டு சார்புகளும் அதில் தமிழில் இருக்கின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். நோட்டுப் புத்தகம் கிடையாது. நான்கு விரல், பன்னிரண்டு கணு, சரியாக இருக்கிறது.