ஐந்து கிலோ கட்லாவும் எட்டுப் பவுண்டு நரம்பும்

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன்பு இணையக் கடை ஒன்றில் ராடு, ரீல், நரம்பு (தூண்டில் கயிறு) எல்லாம் சேர்ந்த இலேசான தூண்டில் செட் ஒன்றை 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். தூண்டில் போடுவதில் நான் கத்துக்குட்டி. போன ஞாயிறு எங்கள் ஊர்க் குளத்தில் மைதா உருண்டைக்கு ஒரு பெரிய கட்லா மாட்டியது. ஐந்து கிலோவாவது இருக்கும். ஒரே இழுப்பு, டப்பென்று அறுத்துக்கொண்டு போய்விட்டது. பெட்டியில் ‘அதிகபட்ச டிராக் 8 கிலோ’ என்று போட்டிருக்கிறது. 8 கிலோ தாங்கும் என்று விற்ற பொருள் 5 கிலோ மீனுக்கே அறுந்தால் அது ஏமாற்று வேலைதானே? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? உள்ளூர்க் கடையிலோ 4,500 ரூபாய்க்குக் கனமான செட்டாக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?
— ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: 4,500 ரூபாய் செட் இப்போதைக்கு வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்ய வேண்டியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், அந்த 8 கிலோ என்ன என்று பார்த்துவிடுவோம்.

அது நரம்பின் பலம் அல்ல. டிராக் என்பது ரீலுக்குள் இருக்கும் பிரேக். மீன் இழுக்கும்போது ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் பகுதி) வழுக்கிச் சுற்றி நரம்பை விட்டுக்கொடுப்பது அதன் வேலை. முன்னால் இருக்கும் குமிழை முழுக்க இறுக்கினால் 8 கிலோ இழுவை வரைக்கும் ஸ்பூல் நகராது என்பதுதான் பெட்டியில் எழுதியிருப்பதன் பொருள். நரம்பின் பலம் ஸ்பூலிலோ நரம்பு உருளையிலோ தனியாகப் போட்டிருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் 8 எல்பி என்று தெரிகிறது. 8 பவுண்டு, அதாவது சுமார் 3.6 கிலோ. அதிலும் முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் குறையும். 3.6 கிலோ நரம்பை வைத்துக்கொண்டு டிராக்கை 8 கிலோவுக்கு முறுக்கி வைத்தால், மீன் கேட்கும்போது ரீல் விட்டுக்கொடுக்காது, நரம்புதான் போகும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் குமிழைக் குழாய் மூடுவதுபோல் மூடித்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் 5 கிலோ மீனுக்கு 3.6 கிலோ நரம்பு போதுமா? போதும். தண்ணீருக்குள் மீனுக்கு எடை இல்லை என்றே சொல்லலாம். அதன் காற்றுப்பை அதைத் தாங்கிக்கொள்கிறது. அங்கே நரம்பை அறுப்பது மீனின் எடையல்ல, திடீர் உதறல். எடை என்று ஒன்று வருவது, மீனை நரம்போடு கரைக்குத் தூக்கும்போதுதான். அப்படித் தூக்கவே கூடாது.

டிராக்கை எவ்வளவு வைப்பது? நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. உங்கள் நரம்புக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. தராசு தேடிப் போக வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். நரம்பை ராடின் வளையங்கள் வழியாக விட்டு நுனியைப் பாட்டிலின் கழுத்தில் கட்டுங்கள். ராடை 45 டிகிரி சாய்வில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில் ரீல் கிர்ரென்று நரம்பை விட வேண்டும். விடவில்லையா, குமிழைத் தளர்த்துங்கள். விடும்போது திக்கித் திக்கி விடாமல் ஒரே சீராக விடுகிறதா என்றும் கவனியுங்கள். திக்குகிற டிராக்தான் நிஜமான பழுது. ரீல் வாங்கும்போது எத்தனை பேரிங் என்று எண்ணுவதைவிட இதைக் கடையிலேயே இழுத்துப் பார்ப்பது மேல்.

இப்போது சோதனைக்கு வருவோம். செட்டோடு வரும் நரம்பின் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம். எத்தனை மாதம் கிடங்கில் கிடந்ததோ, சுருள் சுருளாகவே வரும். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் நரம்பைக் கட்டி மெதுவாக இழுத்து, எத்தனை கிலோவில் அறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் புது நரம்பை உருவி, ஐந்து தடவை. முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்குங்கள். காய்ந்த முடிச்சு இறுகும்போது சூடாகி நரம்பைக் கெடுத்துவிடும். மூன்று கிலோ பக்கம் அறுந்தால் பொருளில் குற்றமில்லை. ஒன்றரை கிலோவிலேயே தொடர்ந்து அறுந்தால் எழுதியிருப்பது பொய்; வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். எப்படி இருந்தாலும், சில நூறு ரூபாய்க்கு நல்ல 8 அல்லது 10 பவுண்டு நைலான் நரம்பு ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள். மிச்சப் பணத்துக்கு நீளமான பிடி போட்ட கைவலை. ராடுக்கு ஆயிரம் ஆயிரமாகச் செலவழித்துவிட்டு வலை இல்லாமல் குளத்துக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். (துண்டை வைத்து மூன்று கிலோ ரோகுவைப் பிடிக்கப் போய், துண்டையும் ரோகுவையும் ஒருசேர விட்டவன் நான்.)

கம்பி லீடர் (மீன் கடித்து நரம்பு அறாமலிருக்க முள்ளுக்கு மேலே கட்டும் கம்பித் துண்டு) வேண்டுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை எதற்கும் தாடையில் பல் கிடையாது. பல் இருப்பது தொண்டையில். கம்பி வாளைக்குத் தேவைப்படலாம், கெண்டைக்கு வீண் செலவு.

அடுத்த முறை மாட்டும்போது முதல் ஓட்டத்தை ஓட விடுங்கள். ராடை 45 டிகிரியில் வளைத்துப் பிடித்தால் அதன் வளைவே பாதி உதறலை வாங்கிக்கொள்ளும். ரீல் நரம்பை விட்டுக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். ஒரு அங்குலம்கூட வராது, நரம்புதான் முறுக்கேறும். உள்ளங்கையால் ஸ்பூலை அமுக்குவதும் வேண்டாம். மீன் நின்ற பிறகு ராடை மெல்ல மேலே இழுங்கள், இறக்கும்போது சுற்றுங்கள். இழு, இறக்கிச் சுற்று, அவ்வளவுதான். செடிப் பக்கம் திரும்பினால் ராடைப் பக்கவாட்டில், தண்ணீருக்கு அருகே தாழ்த்தி எதிர்ப்பக்கம் இழுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ உடம்பும் அந்தப் பக்கம்தான் வரும்.

அதிகம் பேர் மீனை விடுவது கடைசி மூன்று மீட்டரில். கரையையும் வலையையும் பார்த்ததும் கெண்டை இன்னொரு தடவை பாயும். அப்போது வெளியில் இருக்கும் நரம்பு குறைவு, அதனால் இழுபடும் தன்மையும் குறைவு. எனவே மீன் அருகில் வந்ததும் டிராக்கைக் கால் சுற்று தளர்த்துங்கள். வலையை முன்கூட்டியே தண்ணீரில் முழுக்கி அசையாமல் வைத்திருந்து, மீனின் தலையை அதன் மேல் கொண்டுவந்து பிறகு தூக்குங்கள். வாலுக்குப் பின்னால் வலையோடு துரத்தினால் போச்சு.

குளத்தில் முங்கிய கருவேல முள்ளோ அடர்ந்த பாசியோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஓட விட இடமில்லை. 15 பவுண்டு நரம்பும் அதற்கேற்ற ராடும் வேண்டும். கடைக்காரர் அப்படி ஒரு குளத்தை மனதில் வைத்துச் சொன்னாரென்றால் அவர் சொன்னது சரி. அப்புறம், அது குத்தகைக் குளமா என்று விசாரித்தீர்களா? குத்தகை எடுத்தவர் மீன்குஞ்சு விட்ட குளம் என்றால் அவரிடம் கேட்டுவிட்டே தூண்டில் போடுங்கள்.

கேள்வி: நைலானைவிடப் பின்னல் நரம்பு மெல்லியது, பலமானது என்கிறார்களே, கெண்டைக்கு அதை வாங்கலாமா?
— சேலம் வாசகர்

பதில்: புதியவருக்கு வேண்டாம். நைலான் இழுபடும், பின்னல் அநேகமாக இழுபடாது. நீங்கள் செய்யும் சின்னத் தவறை நைலான் மன்னிக்கும். பின்னல் அதை அப்படியே மீனின் உதட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும், முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பாறையில் உரசினாலும் சீக்கிரம் அறும். விலையும் கூட.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ராடு பிரிக்கும்போதே நுனி உடைந்திருந்தது. ‘மீன்பிடிப் பொருள்களுக்குத் திருப்பி எடுக்கும் வசதி இல்லை’ என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது?
— மதுரை வாசகர்

பதில்: மனம் மாறித் திருப்பித் தருவது வேறு, பழுதான பொருளைத் திருப்புவது வேறு. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமானால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிரித்தபோது எடுத்த வீடியோ இருக்கிறதா? ராடை நெட்டுக்குத்தலாகத் தூக்கி மீனை இழுத்தாலும் இதே நுனிப் பக்கம்தான் உடையும். அவர் முதலில் அதைத்தான் சொல்வார்.