சிறுவயதில் வீட்டில் அடியும் கொடுமையும் அனுபவித்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டால், பிற்காலத்தில் அவரும் அப்படியே மாறிவிடுவாரா?

கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருமணம் முடிவாகிற நேரத்தில் அவர் தன் சிறுவயதைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறார், அல்லது வேறு யாரோ சொல்லிவிட்டார்கள், இப்போது வீட்டில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

அந்த 'ஒருவர்' இடத்தில் நான் இருந்திருக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை என் மனைவியின் அண்ணன் முகத்துக்கு நேராகவே கேட்டார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அப்பா கை நீட்டுவார்னு கேள்விப்பட்டோம். அந்தப் பழக்கம் உங்களுக்கு வராதுன்னு என்ன நிச்சயம்?" அதெல்லாம் வராதுங்க என்று சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு பொருமித் தீர்த்தேன். அடி வாங்கியது நான், அதற்கு ஜாமீன் கொடுக்க வேண்டியதும் நானா?

அந்தக் கோபத்தில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேத்தி விடம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றத்தில் பதிவான 908 பேரையும், அதே வயதும் பின்னணியும் கொண்ட, அப்படிப் பதிவு எதுவும் இல்லாத 667 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்குப் 11 பேர், இரண்டாவதில் 8 பேர். கூடுதல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மீதி 89 பேரை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்? அதே ஆய்வாளர் இவர்களையும் இவர்களின் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து 2015-ல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். அடி விஷயத்தில் 'அப்பனிடமிருந்து பிள்ளைக்கு' என்ற தொடர்ச்சி அதில் தெளிவாகத் தெரியவில்லை. புறக்கணிப்பிலும் பாலியல் கொடுமையிலும் தெரிந்தது. ஏற்கெனவே பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள்மேல் அதிகாரிகளின் கண் கூடுதலாக விழுகிறது என்பதையும் அந்தக் கட்டுரையே சொன்னது.

மச்சானுக்கு இதை அனுப்பினேன். "அந்தப் பதினொன்றில் நீங்க இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. நல்ல மனுஷர். நான்தான் அதை எனக்குள் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் உங்களை அடிப்பாரா மாட்டாரா என்று மட்டும் யோசிக்கிறீர்கள். அடி வேறு இடங்களிலும் போய் உட்கார்ந்திருக்கும்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டுவார். மாட்டினால் பிரச்சினை இல்லை. மேஜைமேல் எறிந்தால் அன்றைக்கு யாருக்கோ இருக்கிறது. இன்று வரை யாராவது மேஜையில் சாவியை வைத்தால் என் பேச்சு பாதியில் நிற்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று மனைவி சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு கடைவாய்ப் பற்கள் தேய்ந்துபோய், பல் மருத்துவர் என்னவோ நான் வேண்டுமென்றே செய்வதுபோலத் திட்டினார். எங்கே போனாலும் சுவரோரமாகத்தான் உட்காருவேன், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடினால் வேலை ஓடாது.

இதைச் சொல்லும்போது ஒன்றைக் கொட்டிவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் போன வருடம், யாருக்கும் தனி இருக்கை கிடையாது, தினமும் கிடைத்த இடத்தில் உட்காருங்கள் என்று உத்தரவு போட்டார்கள். ஒற்றுமை வளருமாம். வளர்ந்தது என்னவென்றால், சுவரோர இருக்கைக்காக நான் முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்வதுதான். சார்ஜர், கோப்புகள், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தினமும் அகதிபோல மூட்டை கட்ட வேண்டும். உத்தரவு போட்டவருக்கு மட்டும் கதவு வைத்த தனி அறை இருக்கிறது. சரி, விடுங்கள்.

'நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நன்றாகத்தான் இருக்கிறோம்' என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிறவர்களுக்கு: நன்றாக இருந்தால் சந்தோஷம். ஆனால் 1998-ல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்களும் மற்றவர்களும் சேர்ந்து 9,500-க்கு மேற்பட்ட பெரியவர்களின் சிறுவயதைக் கேட்டு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, வார்த்தையால் வதைப்பது, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது, வீட்டில் குடி என்பதுபோல மொத்தம் ஏழு வகை. அதில் நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு. இதய நோயும் நுரையீரல் நோயும்கூடக் கூடுதல். ஃபெலிட்டி ஆரம்பத்தில் நடத்தியது உடல் பருமன் சிகிச்சை. எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போவது ஏன் என்று விசாரித்தபோதுதான், பலருடைய சிறுவயதுக் கொடுமைகள் வெளியே வந்தன. எனக்கு அந்த ஏழில் நான்கு உண்டு. எண்ணிப் பார்த்த அன்று தூங்கவில்லை.

குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அடி எனக்கும் அம்மாவுக்கும்தான். என்னைவிட ஆறு வயது சின்னவனான தம்பிமேல் அப்பா கை வைத்ததே இல்லை. அவன் பிறந்த பிறகு அவருக்குக் குடி குறைந்ததா, வயதாகிவிட்டதா, தெரியாது. அவன் நினைவில் இருப்பவர் தோளில் தூக்கிப்போய், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பா. அப்பா இறந்த அன்று அவன் தரையில் புரண்டு அழுதான். நான் ஒரு மூலையில் நின்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். 'பெத்த பிள்ளைக்குக் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல' என்று ஒரு பெரியம்மா காதுபடச் சொன்னார். அவர் எங்கள் அடுத்த வீட்டிலேயே பல வருடம் இருந்தவர். எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் அவர் வீட்டில் டிவி சத்தம் கூடும்.

தம்பியிடம் ஒருமுறை பேசிப் பார்த்தேன். "நீ ரொம்ப மிகைப்படுத்துறண்ணா" என்றான். அதோடு பேச்சு குறைந்துவிட்டது. அம்மாவோ இரண்டு பேரிடமும் இரண்டு கதை சொல்வார். ஒரே கூரையின் கீழ் ஒரே அப்பாவோடு வளர்ந்த இரண்டு பேருக்கு, இவ்வளவு வயதான பிறகும் பொதுவாக ஒரு நினைவு இல்லை.

அப்படியானால் நான் எப்படித் தப்பித்தேன் என்றால், முழுதாகத் தப்பித்தேன் என்று சொல்ல மாட்டேன். எதிர்வீட்டில் ஒரு அத்தை இருந்தார், சொந்த அத்தை இல்லை. எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால் வாசலில் வந்து நின்று, "டேய், இந்த ஊசியில நூல் கோத்துக் குடுடா, எனக்குக் கண்ணு தெரியல" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்பாவுக்கு அந்நியர் முன் நல்லவராக இருக்க வேண்டும், அனுப்பிவிடுவார். நூல் கோத்து முடித்தாலும் அத்தை என்னை உடனே விடமாட்டார், அது இது என்று ஒரு மணி நேரம் ஓட்டுவார். ஒருநாள் அவர் தையல் டப்பாவைத் திறந்தேன். நூல் கோத்த ஊசிகள் பத்துப் பன்னிரண்டு, வரிசையாகக் குத்தி வைத்திருந்தது. அப்போது ஒன்றும் புரியவில்லை. அவருக்குத் தேவை ஊசியே இல்லை என்பது எனக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு. மூன்று வருடத்துக்கு முன், என் மகளுக்கு ஆறு வயது. எனக்கு உதவி செய்கிறாளாம், சொட்டச் சொட்ட ஈரத்துணியால் என் லேப்டாப்பைத் துடைத்துவிட்டாள். மறுநாள் கொடுக்க வேண்டிய வேலை மொத்தமும் அதில். என் கை மேலே போனது. நான் தூக்கினேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேறு யாரும் தூக்கவில்லை, நான்தான். அந்த வயதில் நானாக இருந்தால், கை தோளுக்கு ஏறும் முன்பே முழங்கையால் முகத்தை மூடியிருப்பேன். அவள் மூடவில்லை. அண்ணாந்து என் கையைப் பார்த்தாள், அப்புறம் அதற்கு மேலே கூரையைப் பார்த்தாள். "என்னப்பா, மேல என்ன இருக்கு?" என்றாள்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அன்று இரவே மனைவியிடம் சொன்னேன், மறு வாரமே ஆலோசகரிடம் போனேன். இன்னும் மாதம் ஒருமுறை போகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, கை மேலே போனது உண்மை.

அதனால் உங்களிடம் 'பயப்படாதீர்கள்' என்றும் சொல்ல மாட்டேன், 'வேண்டாம்' என்றும் சொல்ல மாட்டேன். அவர் கோபத்தில் இருக்கும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். அடி வாங்கியதை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். 'அப்பா அடித்ததால்தான் உருப்பட்டேன்' என்பவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 'எனக்கே என்மேல் பயமாக இருக்கிறது' என்று சொல்லத் தெரிந்தவரைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. இது என் அனுபவம் மட்டும், விதி இல்லை. ஒருவேளை கை நீட்டினால், அவருடைய சிறுவயதைக் காட்டி அவருக்காக நீங்கள் வாதாடாதீர்கள். வெளியே வந்துவிடுங்கள்.

இறந்தவரைப் பற்றி இப்படிப் பொதுவில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். பெயர் போடாமல்தான் எழுதியிருக்கிறேன். தம்பி இந்தத் தளத்தில் இருக்கிறான், அவனுக்குப் பெயர் தேவைப்படாது. டேய், படித்துவிட்டு ராத்திரியில் போன் பண்ணாதே, எனக்கு அப்புறம் தூக்கம் வராது. காலையில் பண்ணு.