மடித்து வைத்த அறிக்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு 36 வயது. என் கணவருக்கு இது இரண்டாம் திருமணம். முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தபின், பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் விந்துக்குழாய்களைத் துண்டிக்கும் வாசெக்டமி என்னும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இப்போது எனக்காக, நான்கு மாதங்களுக்கு முன் குழாய்களை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார். ஒரு பக்கம் குழாயோடு குழாயை இணைத்ததாகவும், மறு பக்கம் அடைப்பு இருந்ததால் விரையை ஒட்டி விந்தணு முதிரும் சுருள்குழாயான எபிடிடிமிஸோடு இணைத்ததாகவும் மருத்துவர் சொன்னார். மூன்றாம் மாதப் பரிசோதனையில் மிகச் சில விந்தணுக்களே இருந்தன, அவற்றிலும் அசைவில்லை. அந்த அறிக்கையை அவர் தனியாகச் சென்று வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரவுவரை என்னிடம் சொல்லவில்லை. மாதவிலக்கு வரும்போதெல்லாம் “அன்று நான் செய்த தவறு” என்கிறார். “போதும், விட்டுவிடலாம்” என்று நானே சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதி கிடைக்குமா?

எம்.

அன்புள்ள எம்.,

நான் மருத்துவன் அல்லன்; படித்தும் கேட்டும் அறிந்ததையே எழுதுகிறேன். உங்கள் மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்றாகாது.

முதலில் அந்த அறிக்கை. ஒரு விந்தணு விரையில் உருவாகி முடிய எழுபது நாட்களுக்கு மேல் ஆகிறது. பின்னர் எபிடிடிமிஸைக் கடந்து வரவும் சில நாட்கள் வேண்டும். ஆகவே மூன்றாம் மாதத்தில் கிடைப்பது தொடக்க நிலையின் ஒரு தோற்றம் மட்டுமே. குழாயோடு குழாயை இணைத்த பக்கத்தில் விந்தணு திரும்ப ஆறு மாதம் வரையும், எபிடிடிமிஸோடு இணைத்த பக்கத்தில் ஓராண்டு வரையும்கூட ஆகலாம். தலைமயிரைவிட மெல்லிய நூலால், நுண்ணோக்கியின் கீழ் தைக்கப்பட்ட இணைப்பு அது. சில விந்தணுக்களாவது வந்திருக்கின்றன என்பதே ஒரு பக்கமாவது வழி திறந்திருப்பதற்கு அடையாளம். அசைவு பெரும்பாலும் எண்ணிக்கைக்குப் பின்னரே தேறுகிறது. அவர் அந்தத் தாளைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் வெறும் நம்பிக்கை வார்த்தைகளைச் சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். 1991இல் வெளியான, 1,469 மறுஇணைப்பு அறுவை சிகிச்சைகளைத் தொகுத்த ஆய்வொன்று இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வாசெக்டமிக்குப் பின் 9 முதல் 14 ஆண்டுகள் கடந்திருந்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு விந்தணு திரும்பியது. கருத்தரிப்பு நிகழ்ந்ததோ 44 சதவீதத்தில்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். விந்தணுவின் தரம், வாசெக்டமிக்குப் பின் பலருக்கு உண்டாகும், விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் ஆகியவற்றோடு பெண்ணின் வயதும் கருமுட்டை இருப்பும் அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. கத்தி பட்டது அவர் உடலில் என்பதால் தேர்வு எழுதுபவர் அவர் மட்டுமே என்று வீட்டில் தோன்றிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் உங்கள் பரிசோதனைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனித்தேன். முறையாகப் பார்த்தால் அவை அவருடைய அறுவை சிகிச்சைக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய்ப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி இந்த மாதமே கேளுங்கள். 36 வயதில் ஓராண்டு காத்திருந்து பார்ப்பது சரியல்ல. அவருக்கு நீங்கள் தரக்கூடிய துணைகளில் இதையே முதலாவதாகச் சொல்வேன், ஏனெனில் அதன்பிறகு மேசைமீது இருப்பது இருவரின் அறிக்கைகள்.

இனி அந்தத் ‘தவறு’. இரண்டு பிள்ளைகளுக்குப் பின், கருத்தடையின் பாரத்தை மனைவியின் உடல்மீது ஏற்றாமல் தானே ஏற்றுக்கொண்டவர் அவர். உலகெங்கும் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு உட்படும் பெண்களின் எண்ணிக்கை ஆண்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்னும்போது, அவர் செய்தது பொறுப்பான செயல். பின்னால் வாழ்க்கை மாறியதால் அது குற்றமாகிவிடாது. இதை அவரிடம் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லுங்கள். கூடவே நீங்கள் எழுதிய ‘எனக்காக’ என்ற சொல்லையும் யோசியுங்கள். அது நன்றியிலிருந்து வந்ததுதான். ஆனால் அவருக்கும் இந்தக் குழந்தை வேண்டுமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? உங்களுக்காக மட்டுமே என்றால், ஒவ்வொரு மாதமும் அவர் தராத ஒரு பொருளின் கணக்காகிவிடும்.

நாள் குறித்துக் கூடுவது பற்றி ஒரு சொல்: கருமுட்டை வெளிவரும் நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களையும் ஒட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கைபேசிச் செயலியின் ஒலிக்குப் படுக்கையறைக்கு ஓட வேண்டியதில்லை. அவர் புகைபிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். சோர்வுக்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் விந்தணு உற்பத்தியே அடங்கிவிடும், ஆகவே அது கூடவே கூடாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். “விட்டுவிடலாம்” என்று அவருடைய நிம்மதிக்காகச் சொல்லாதீர்கள். அவர் அதைத் தன் தோல்வியின் சான்றாகவே கேட்பார். நீங்களும் மனத்துக்குள் அந்த ஆசையை விட்டிருக்க மாட்டீர்கள். உண்மையிலேயே உங்களுக்குப் போதும் என்று தோன்றும் நாளில் சொல்லுங்கள். அதற்குமுன், எத்தனை மாதம் இயல்பாக முயல்வது, அதன்பின் விரையிலிருந்து விந்தணுவை எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறைக்குப் போவதா என்பதை இருவரும் பேசி ஒரு தேதி வையுங்கள். அறுவை சிகிச்சையின்போது விந்தணு எடுத்து உறையவைத்தார்களா என்று கேளுங்கள். இல்லையெனில், அசையும் விந்தணு வரத் தொடங்கியதும் உறையவைக்கலாமா என்றும் கேளுங்கள். திறந்த வழி பின்னர் சிலருக்கு மீண்டும் அடைபடுவதுண்டு.

அடுத்த அறிக்கையை வாங்க நீங்களும் உடன் செல்லுங்கள். அங்கேயே, மடிப்பதற்கு முன், இருவரும் படித்துவிடுங்கள்.