விலை சொன்னவர் கையிலேயே கொடுத்துவிட்டீர்களா?

கொழும்பில் ஹோட்டல் மண்டபம் ஒன்றில் பழஞ்சாமான் மதிப்பீட்டு நாள் நடந்தாலும் நடந்தது, வரும் கடிதங்களில் வேறு கதையே இல்லை. சுருக்கிப் போடுகிறேன்.

கேள்வி: விக்டோரியா இராணியின் தலை போட்ட ஒரு சதக் காசுகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. கொண்டுபோக முதல் பிராசோ போட்டுப் பளபளவென்று துலக்கினேன். பார்த்தவர் தலையில் கை வைத்தார். ஏன்?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: நானும் வைக்கிறேன். செப்புக் காசில் காலம் ஏற்றிய மண்ணிறத்தைத்தான் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். துலக்கியது துலக்கியதுதான். துலக்காதது ஏதும் மிச்சம் இருந்தால் பிராசோ டப்பாவை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: சிநேகிதிகள் மூன்று பேராகப் போனோம், நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 1,500 ரூபா. அம்மம்மாவின் பித்தளை வெற்றிலைத் தட்டத்தையும் பாக்குவெட்டியையும் காட்டினேன். மேசையில் இருந்தவர், "இதுக்குப் பெரிசா ஒண்டும் வராது அக்கா, வேணுமெண்டா நானே எடுக்கிறன்" என்று 6,000 ரூபா தந்தார். வீட்டுக்கு வந்ததில் இருந்து மனம் கேட்கவில்லை.
- வெள்ளவத்தை வாசகி

பதில்: உங்களில் பிழை பிடிக்க மாட்டேன். கழுத்தில் அட்டை மாட்டிய மனிதர், கையில் பூதக்கண்ணாடி, பின்னால் நெருக்கும் வரிசை, பக்கத்தில் சிநேகிதிகள். அந்த இடத்தில் "இல்லை, தாங்கோ" என்று பொருளைத் திருப்பி வாங்க எல்லோருக்கும் வாய் வராது.

ஆனால் அந்த மேசைக்காரரை விட மாட்டேன். இது எனக்குப் பழைய கோபம். விலை சொல்பவர் வாங்கக் கூடாது. அவர் குறைத்துச் சொல்லும் ஒவ்வொரு ரூபாயும் அவர் சட்டைப்பைக்குத்தான் போகிறது. பிபிசி தொலைக்காட்சியில் 1979 முதல் வரும் ஆன்டிக்ஸ் ரோட்ஷோவைப் பார்த்திருப்பீர்கள். சனம் வீட்டுச் சாமானோடு வரிசையில் நிற்கும். நிபுணர் அடியைத் திருப்பிப் பார்த்து, கதை கேட்டு, விலை சொல்வார். அதற்குக் கட்டணம் இல்லை. பொருள் வந்தவரோடேயே வீட்டுக்குப் போகும். அதைப் பார்த்து இங்கே மேசை விரிப்பைப் போட்டார்கள், பூதக்கண்ணாடியையும் வைத்தார்கள். முக்கியமானதை மட்டும் விட்டுவிட்டு, நுழைவுக்குக் காசையும் போட்டார்கள்.

இன்னொன்று. ஒரு பொருளுக்கு ஒரே விலை கிடையாது. காப்புறுதிக்குப் போடும் விலை மேலே நிற்கும். ஏலத்தில் போகும் விலை பெரும்பாலும் அதற்குக் கீழே. வியாபாரி கையில் தருவது இன்னும் கீழே, அவரும் அதை விற்றுக் கடை வாடகை கட்ட வேண்டும். அதில் குற்றமில்லை. மதிப்பீட்டாளராக உட்கார்ந்துகொண்டு வியாபாரி விலையைச் சொல்வதுதான் குற்றம். "எந்த விலையைச் சொல்லுறியள், எழுதித் தருவியளோ?" என்று கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இனி என்ன செய்யலாம்? வாங்கிய காசைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, பொருளைக் கேட்டு ஏற்பாட்டாளருக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. விற்றவர் என்ற முறையில் அங்கே உங்களுக்குப் பிடி குறைவு. ஆனால் 1,500 ரூபா கட்டி ஒரு சேவை பெற்றவர் என்ற முறையில் எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். நுழைவுச்சீட்டைத் தேடி எடுங்கள், சிநேகிதிகளின் பெயரைச் சாட்சிக்குப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் 'வெள்ளி'த் தேநீர்க் கேத்தலின் அடியில் ஈ.பி.என்.எஸ். என்று இருக்கிறது. எவ்வளவு பெறும்?
- பம்பலப்பிட்டி வாசகி

பதில்: நிக்கல் கலவைக்கு மேல் வெள்ளி முலாம், தேநீர் ஊற்றிக் குடியுங்கள்.

கேள்வி: பித்தளைக் குழலும் நாய்ப் படமும் உள்ள கிராமபோனை 65,000 ரூபாவுக்கு வாங்கினேன். நூறு வருஷப் பழசு என்றார் கடைக்காரர். மதிப்பீட்டு நாளில் புதுச் சாமான் என்றுவிட்டார்கள். பற்றுச்சீட்டு வாங்கவில்லை, தெரிந்த கடைதானே என்று நினைத்தேன்.
- தெஹிவளை வாசகர்

பதில்: தெரிந்த கடையில் பற்றுச்சீட்டுக் கேட்டால் நட்பு முறிந்துவிடுமா? 65,000 ரூபா ஐயா! 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். கேட்கவே இல்லையென்றால் சட்டம் என்ன செய்யும்? இப்போதாவது போய், 'பழையது' என்று சொல்லி விற்றதாக எழுதி வாங்கப் பாருங்கள். தர மாட்டார்.

இனி வாங்குகிறவர்களுக்கு: பெட்டியைத் திறந்து உள்ளே பாருங்கள். தலையில் சிலுவை வெட்டுள்ள ஸ்டார் ஸ்க்ரூ இருந்தால் அந்த 'நூறு வருஷம்' அங்கேயே முடிந்தது, அந்தத் திருகாணி சந்தைக்கு வந்ததே 1930களில். பழுது பார்க்கும்போது மாற்றியிருக்கலாம் என்பார்கள். எல்லா ஆணியையுமா மாற்றினார்கள்? என் வீட்டு அலுமாரி மேலும் இப்படி ஒரு குழல்பெட்டி தூசி குடிக்கிறது. பாதிப் பாட்டில் குரல் இழுத்துக்கொண்டு நின்றுவிடும்.

கேள்வி: மகள் லண்டனில். அடுத்த கோடையில் அவளுடைய நண்பர்களோடு ரோட்ஷோவுக்குப் போக ஆசை. பூட்டப்பா காலத்து ஓலைச்சுவடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாமா?
- கொள்ளுப்பிட்டி வாசகர்

பதில்: வைக்காதீர்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சொந்தக் குடும்பச் சொத்து என்பதெல்லாம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எடுபடாது. திணைக்களம் கொழும்பு 7 இல்தான் இருக்கிறது. சுவடியின் படங்களோடு போய், உங்களுடையது அந்தச் சட்டத்துக்குள் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விமானச் சீட்டு அதற்குப் பிறகு.