நேருவின் முதல் அமைச்சரவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1947ஆம் ஆண்டு முதல் அமைச்சரவைப் பட்டியலை மனப்பாடம் செய்யும்போது இந்தக் கேள்வி வந்தது. இன்று டெல்லியில் அமைச்சரவை அமைந்தால் எந்த மாநிலத்துக்கு எத்தனை, எந்தச் சாதிக்கு எத்தனை, கூட்டணிக் கட்சிக்கு என்ன இலாகா என்பதுதான் பேச்சாக இருக்கிறது. நேரு காலத்தில் திறமையை மட்டுமே பார்த்தார்கள் என்கிறார் எங்கள் ஆசிரியர். அந்தக் காலம் இனி வராதா?

ஒரு மாணவர், ஈரோடு

அன்புள்ள தம்பி,

மனப்பாடம் செய்த அதே பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நேருவையும் சேர்த்துப் பதினான்கு பேர். ஆசாத், கித்வாய் என்று இரண்டு முஸ்லிம்கள். ஜான் மத்தாய், ராஜகுமாரி அம்ரித் கௌர் என்று இரண்டு கிறிஸ்தவர்கள். பாதுகாப்புத் துறைக்குச் சீக்கியரான பல்தேவ் சிங், வணிகத்துக்குப் பார்சியான பாபா. தலித்துகள் இருவர்: அம்பேத்கர், ஜெகஜீவன் ராம். இத்தனையும் தற்செயலாக அமையவில்லை, எண்ணிப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். நாடு இரண்டாகப் பிளந்து ரத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது, இந்த அரசு எல்லாருக்குமானது என்று காட்டியாக வேண்டியிருந்தது. பெண் மட்டும் ஒரே ஒருவர்தான். அந்தக் குறையையும் சொல்லிவிட வேண்டும்.

எனவே பிரதிநிதித்துவமா திறமையா என்று எதிரெதிராக நிறுத்துவதே தவறு என்று நினைக்கிறேன். அன்று இரண்டையும் சேர்த்தே தேடினார்கள். கட்சிக்கு வெளியேயும் தேடினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இந்து மகாசபையின் சியாம பிரசாத் முகர்ஜி தொழில்துறைக்கு வந்தார். உங்கள் பக்கத்து ஊரான கோவையின் ஆர்.கே. சண்முகம் செட்டியார் நிதியமைச்சர் ஆனார். அவர் நீதிக்கட்சிக்காரர், கொச்சியில் திவானாக இருந்தவர், 1934 தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றவர். 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர்தான் வாசித்தார். ஏழரை மாதத்துக்கான பட்ஜெட் அது. மொத்தச் செலவு 197 கோடி ரூபாய்க்குச் சற்று மேல், அதில் கிட்டத்தட்ட 93 கோடி பாதுகாப்புக்கு. அப்படி ஒரு நேரத்தில் கஜானா சாவியை எதிர்முகாமில் இருந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

சரி, அப்படியானால் அது பொற்காலமா? அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அம்பேத்கருக்கு அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

சட்ட அமைச்சராக இருந்த அவர் 1951 செப்டம்பரில் பதவி விலகினார். அதற்கான விளக்கத்தை அவையில் வாசிக்க முடியாமல் போய், அக்டோபரில் அறிக்கையாக வெளியிட்டார். இந்துக்களின் திருமணம், சொத்துரிமை பற்றிய சட்டங்களைத் திருத்தும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டதால் விலகினார் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அது உண்மைதான். ஆனால் அறிக்கையில் அதற்கு முன்பே அவர் எடுத்து வைக்கும் குறை வேறு. சட்ட இலாகா கொள்கை வகுக்க வாய்ப்பில்லாத இலாகா என்கிறார். அதைக் காலி சோப்புப் பெட்டி என்றும், வயதான வக்கீல்கள் வைத்து விளையாடத்தான் ஆகும் என்றும் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு என்கிறார். சட்டத்தோடு திட்டமிடல் துறையையும் தருவதாகப் பிரதமர் சொல்லியிருந்தார், அது வரவேயில்லை. மற்ற அமைச்சர்கள் இரண்டு மூன்று இலாகாக்களைச் சுமந்தபோதும், யாராவது வெளிநாடு போனபோதும், தற்காலிகமாகக்கூட ஒன்றை இவரிடம் கொடுக்கவில்லை. வெளியுறவுக் குழு, பாதுகாப்புக் குழு என அமைச்சரவையின் முக்கியக் குழுக்களிலும் இடமில்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கிய மனிதர் எழுதியது இது!

அந்தப் பக்கங்களை முதல்முறை படித்த அன்று என் மனம் ஆறவேயில்லை. அமைச்சரவை என்று நாம் எதை நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே மாறிவிட்டது. பதவியேற்பு மேடையில் நிற்கும் எல்லாரும் அமைச்சர்கள்தான், ஆனால் முடிவு எடுக்கும் அறைக்குள் எல்லாரும் போவதில்லை. இன்றும் அப்படியே. 2003ஆம் ஆண்டின் 91ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி, பிரதமரையும் சேர்த்து மத்திய அமைச்சர்கள் மக்களவை எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 543 இடங்களுக்குக் கணக்குப் போட்டால் 81 பேர்வரை இருக்கலாம். ஆனால் பாதுகாப்பு விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழுவில் பிரதமரோடு உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு என ஐந்து பேர்தான். நம் மாநிலத்துக்கு எத்தனை என்று விரல் விட்டு எண்ணும் நாம், அவர்களில் யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று கேட்பதே இல்லை.

அப்புறம் இன்னொன்று. அந்தப் பதினான்கு பேரில் பலர் பாதியிலேயே போய்விட்டார்கள். சண்முகம் செட்டியார் 1948 ஆகஸ்டில் விலகினார். அவருக்குப் பிறகு நிதிக்கு வந்த மத்தாய், பொருளாதாரத் திட்டங்களை வகுக்க அமைத்த திட்டக்குழு இன்னொரு அமைச்சரவைபோல ஆகிவிடும் என்று எதிர்த்து 1950இல் விலகினார். அதே ஆண்டு முகர்ஜி, சிறுபான்மையினர் பாதுகாப்புக்காகப் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானோடு நேரு செய்த ஒப்பந்தத்தை ஏற்க முடியாமல் விலகிப் போனார். அடுத்த ஆண்டு அம்பேத்கர். அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்கு உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே வாதாட வேண்டியதை வாதாடி, முடியாதபோது காரணத்தைச் சொல்லிவிட்டுப் போக அவர்களால் முடிந்தது. திரும்பி வர வேண்டிய காலம் என்று ஒன்றைக் கேட்டால், நான் அதைத்தான் கேட்பேன்.

அம்பேத்கரின் அந்த அறிக்கை சில பக்கங்கள்தான். தேர்வுக்கு வராது என்றாலும் படித்துவிடுங்கள். அடுத்த முறை அமைச்சரவை பதவியேற்றால், பெயர்களை எண்ணி முடித்த பிறகும் பேப்பரை மூடிவிடாதீர்கள். அமைச்சரவைக் குழுக்களின் பட்டியல் தனியே, பிறகுதான் வரும். தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.