மலாவிப் பள்ளியில் சமையற்கூடம்: அடுப்புக்கு முன்னால் மாவு

கேள்வி: என் மகன் மலாவி நாட்டில், லிலாங்வே நகரில் வேலை பார்க்கிறான். போன ஜனவரியில் அவனோடு போய்த் தங்கியிருந்தபோது, நகருக்கு வெளியே ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளிக்குப் போனேன். பாதிப் பிள்ளைகள் காலையில் எதுவும் சாப்பிடாமல்தான் வருகிறார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். பணி ஓய்வு பெற்ற நாங்கள் சில பேர் சேர்ந்து அங்கே ஒரு சமையற்கூடம் தொடங்க நினைக்கிறோம். கட்டடத்துக்கு ஓரளவு பணம் சேர்ந்துவிட்டது. பாத்திரங்களை இங்கிருந்தே அனுப்பலாமா? சோறும் சாம்பாரும் போட்டால் பிள்ளைகள் சாப்பிடுவார்களா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, கட்டடத்துக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்கிறீர்கள். மாவுக்குச் சேர்ந்ததா?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் அதுதான். கூரை போடுவது ஒரு தடவைச் செலவு, கஞ்சி ஊற்றுவது தினச் செலவு. கட்டடம் என்றால் நன்கொடை தருபவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும், பெயர்ப்பலகைக்கு இடம் கிடைக்கும் அல்லவா. மாவு மூட்டையில் யார் பெயரும் நிற்காது. ஆனால் தொடங்கிய சமையலைப் பாதியில் நிறுத்துவது, தொடங்காமலே இருப்பதைவிட மோசம். பள்ளியில் கஞ்சி கிடைக்கும் என்று நம்பி, வீட்டில் இருக்கிற கொஞ்சத்தைக் கைக்குழந்தைக்கு ஒதுக்கிவிட்டு மூத்தவனை அனுப்பும் தாய் அங்கே இருப்பாள். அவள் கணக்கில் நீங்கள் கை வைக்கிறீர்கள். அதனால் ஒரு முழுப் பள்ளி ஆண்டுக்கான மாவுப் பணம் கையில் சேரும்வரை அடுப்பு மூட்ட வேண்டாம் என்பேன்.

எவ்வளவு வேண்டும்? ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் மாவு என்று வையுங்கள். 300 பிள்ளைகள் என்றால் தினம் 30 கிலோ. 200 பள்ளி நாட்களுக்கு 6 டன். இந்தக் கணக்கைக் கிலோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மலாவி நாணயமான குவாச்சாவில் போடாதீர்கள். மலாவி ரிசர்வ் வங்கி 2022 மே மாதம் குவாச்சாவின் மதிப்பை 25 சதவீதம் குறைத்தது. 2023 நவம்பரில் இன்னொரு 44 சதவீதம். பணத்தில் போட்ட பட்ஜெட் இப்படி ஒரே இரவில் சுருங்கிவிடும். பிள்ளைகளின் வயிறு அதற்கேற்றபடி சுருங்காது.

அப்புறம், அந்த 300 என்ற எண்ணும் நிற்காது. 1994-ல் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கிய நாடு அது. ஒரே பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் படிப்பது அங்கே அதிசயமில்லை. கஞ்சி ஊற்றுகிறார்கள் என்ற செய்தி பரவினால், இத்தனை நாள் வராதவர்கள் வருவார்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து மாறி வருவார்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுத் தம்பியும் வரிசையில் நிற்பான். நீங்கள் விரும்பியதும் இதுதானே, பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும் என்று? ஆனால் இதற்கென்று தனியாகக் கையிருப்பு இல்லாவிட்டால் மூன்றாவது மாதமே கரண்டியின் அளவு குறையும், கஞ்சி தண்ணீராகும். "ரொம்ப ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாமே" என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே வகுப்பில் சிலர் குடிக்கச் சிலர் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளி என்றால் முதல் இரண்டு வகுப்புகளுக்கு முழுமையாகக் கொடுத்துத் தொடங்குங்கள். சமைக்கும் பெண்களுக்கும் அவர்கள் முதுகில் தூங்கும் குழந்தைகளுக்கும் சேர்த்தே உலை வையுங்கள்.

சோறும் சாம்பாரும் வேண்டாம், அம்மா. ஆசை புரிகிறது. ஆனால் அது உங்கள் நாக்குக்குப் பழகிய சாப்பாடு. அங்கே வீட்டுச் சாப்பாடு மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிளறும் ந்சீமா. பள்ளிகளில் காலையில் ஊற்றுவது லிக்குனி பாலா என்கிற கஞ்சி, மக்காச்சோளமும் சோயாவும் சேர்த்தது. சோயாவை வறுத்துத்தான் அரைக்க வேண்டும். பச்சையாக அரைத்தால் அதிலுள்ள புரதம் சரியாகச் செரிக்காது. இரண்டும் அந்த நாட்டிலேயே விளைகிறது, ஒரே பானையில் வேகிறது, ஒரு குவளையில் அடங்குகிறது. முதல் மணி அடிப்பதற்கு முன்பே கொடுத்துவிடலாம். மதியம் வரை பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் காலைப் பாடம் முழுக்க வீண்.

நீங்கள் ஜனவரியில் போனதையும் கவனியுங்கள். அங்கே நவம்பர் வாக்கில் மழை பிடிக்கும், மக்காச்சோளம் ஏப்ரலை ஒட்டித்தான் அறுவடைக்கு வரும். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒரே விளைச்சல். டிசம்பர் முதல் மார்ச் வரை குதிர் காலி, சந்தையில் விலை உச்சம். நீங்கள் பார்த்தது அந்த ஆண்டின் மிக மோசமான மாதங்களில் ஒன்று. ஆகவே தானியத்தை மே, ஜூன் மாதங்களில் அக்கம்பக்கத்து விவசாயிகளிடமே வாங்கிச் சேமித்து வைக்க வேண்டும். கட்டடப் பணத்தை எதிலாவது போட்டே ஆக வேண்டும் என்றால், ஈரம் ஏறாத நல்ல தானிய அறை ஒன்று கட்டுங்கள். காற்றுப் புகாத பைகளில் கட்டி வைத்தால் வண்டு பெருகாது. சரியாகக் காயாத மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. கென்யாவில் 2004-ல் இப்படிப்பட்ட மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நிறம் மாறிய தானியத்தை வாங்கிவிடாதீர்கள்.

சமைப்பது யார்? நீங்களும் இல்லை, நீங்கள் அனுப்பும் ஆளும் இல்லை. மேரிஸ் மீல்ஸ் என்ற அமைப்பு 2002-ல் மலாவியில்தான் 200 பிள்ளைகளோடு பள்ளி உணவைத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. இவ்வளவு வளர முடிந்ததற்கு முக்கியக் காரணம், அந்தந்த ஊர்ப் பெற்றோரே முறைவைத்துச் சமைப்பதுதான். மலாவிப் பள்ளிகள் பலவற்றில் தாய்மார் குழு என்று ஒன்று இருக்கிறது. முதலில் அவர்களோடும், பள்ளி நிர்வாகக் குழுவோடும், ஊர்த் தலைவரோடும் உட்காருங்கள். விறகுக்கு என்ன வழி, தண்ணீர் யார் கொண்டுவருவது, தானிய அறையின் சாவி யாரிடம் என்பதையெல்லாம் அவர்கள் பேசி முடிக்கட்டும். சாவி மட்டும் ஒருவரிடம் இருக்கக்கூடாது. இரண்டு பூட்டு, இரண்டு பேர். தலைமையாசிரியர் நல்லவர்தான், இருந்தாலும் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். அவருக்கு மாற்றல் வந்தால் உங்கள் திட்டமும் கூடவே போய்விடும்.

மலாவியில் இந்த மாதிரி அமைப்புகள் அரசு சாரா நிறுவனங்களுக்கான ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பள்ளிக்காகப் புதிதாக அமைப்பு தொடங்கிப் பதிவுக்கு அலைவதைவிட, ஏற்கெனவே பதிவு பெற்று அங்கே வேலை செய்யும் ஒன்றோடு சேர்ந்து ஒரு பள்ளியை ஏற்றுக்கொள்வதையே நான் சொல்வேன். உங்கள் குழுவின் பெயர் சின்ன எழுத்தில்தான் வரும். பரவாயில்லை.

சுத்தத்தில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். 2022 மார்ச்சில் மலாவியில் தொடங்கிய காலரா, அடுத்த ஆண்டுவரை நீடித்து 1,700-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. எனவே கை கழுவத் தண்ணீரும் சோப்பும் இல்லாத இடத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்காதீர்கள். இன்னொன்று, 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தது நினைவிருக்கும். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. பூச்சிமருந்தோ அதன் காலி டப்பாவோ சமையற்கூடத்தின் பக்கமே வரக்கூடாது. சமைத்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு பெரியவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வரிசையில் நிற்கும் அந்த மூன்று வயதுத் தம்பிக்கு வருகிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் புஜத்தைச் சுற்றி அளந்தால் 11.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அந்தக் குழந்தைக்குக் கஞ்சி போதாது, சுகாதார மையத்துக்கு அனுப்ப வேண்டும். நிலக்கடலை விழுதில் பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, சத்துகள் சேர்த்த சிகிச்சை உணவு அங்கே உண்டு. அதை வீட்டிலேயே கொடுத்துக் குணப்படுத்தலாம் என்பதை மார்க் மேனரி என்ற குழந்தை மருத்துவர் 2000-களின் தொடக்கத்தில் மலாவியில்தான் காட்டினார். அளக்கும் நாடாவுக்கு அதிகச் செலவில்லை. தாய்மார் குழுவில் இரண்டு பேருக்கு அளக்கப் பழக்கிவிட்டால் போதும்.

பாத்திரங்களை இங்கிருந்து அனுப்ப வேண்டாம். கப்பல் கூலிக்கு லிலாங்வேயிலேயே பெரிய பானைகள் வாங்கிவிடலாம், ஓட்டை விழுந்தால் அடைக்கவும் அங்கேயே ஆள் உண்டு. குவளையைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். புகைபோக்கி வைத்த செங்கல் அடுப்புக்கு மட்டும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். காடு வேகமாக அழியும் நாட்டில் விறகு மிச்சமாவது பெரிய விஷயம், சமைக்கிறவர்களின் கண்ணும் பிழைக்கும்.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. உங்கள் மகனைத் தலைமையாசிரியரிடம் அனுப்பி, வருகைப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜூனில் எத்தனை பேர் வந்தார்கள், பிப்ரவரியில் எத்தனை பேர், எந்த வகுப்பில் அதிகம் குறைகிறது என்று குறித்து வாங்குங்கள். அது கையில் கிடைத்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அடுப்பின் அளவை அப்போது பேசலாம்.